வெள்ளைத்தாடிக்காரர் சொன்னது

ஜனவரி இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணி. நாங்கள் நான்கு பேர். இடம், தூத்துக்குடியில் டெரன்ஸ் மச்சாது வீட்டு மாடியில் தகரம் போட்ட அறை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன் மேடம், ஏனென்றால் பாஸ்கோ இப்போது பார்க்கிற ஆட்களிடமெல்லாம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறான். அங்கே இருந்தவர்கள் டெரன்ஸ், அவன் மனைவி ஜெனிட்டா, எங்களோடு ஒரே தெருவில் வளர்ந்த பாஸ்கோ, நான். என் பெயர் ரெமிஜியுஸ். ரெமி என்றால் போதும். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. இதற்காக ஒரு நாள் லீவு போட்டுவிட்டு சென்னைக்கு வந்திருக்கிறேன்.

உங்களுக்கு அடுத்த ஜப்பான் பாஷை வகுப்பு தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது என்று வாசலில் இருந்த அம்மா சொன்னார்கள். அதுவரைக்கும் கேளுங்கள். நீங்கள் இந்தப் போட்டோவைப் பார்த்தீர்கள். ஒரு வீடியோ கேமின் கடைசிக் காட்சி. வெள்ளைத்தாடி வைத்த ஒருவர் ஜப்பான் பாஷையில் இரண்டு வரி பேசுகிறார். "அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை. விளக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்" என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டீர்கள். அந்த மாத்திரத்தில் சொன்னதுதான் எனக்கு இடிக்கிறது. நீங்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் முன்பின் தெரியாமல் இரண்டு வரியை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். முழுக் கதையும் தெரிந்தால் வேறு மாதிரித் தோன்றும்.

டெரன்சின் தாய்மாமன் ரெஜினால்ட் கப்பலில் சமையல்காரர். தொண்ணூற்றாறில் லீவுக்கு வந்தபோது ஜப்பானிலிருந்து ஒரு டிவி கேம் செட் கொண்டுவந்தார். கூடவே ஒரே ஒரு கேசட். அட்டையில் ஒரு கலங்கரை விளக்கம், கீழே ஒரு பையன். எங்கள் தெருவில் அதற்கு முன்னால் யாரும் அப்படி ஒரு செட்டைப் பார்த்ததில்லை. நம் ஊர்க் கரண்டு அதற்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் ஒரு டிரான்ஸ்பார்மர் சுற்றி வாங்கினார்கள். அது சூடாகி ஒரு வாடை வரும். படம் கறுப்பு வெள்ளையில்தான் தெரியும். ஜப்பான் செட்டுக்கும் நம் டிவிக்கும் ஏதோ பொருந்தாது. அந்தக் கேமில் கடல் என்ன நிறம் என்று எனக்கு முப்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. ஊதா. நான் அதையும் நம்பவில்லை.

அந்தக் கேமில் சண்டை குறைவு. ஊர் ஊராகப் போக வேண்டும், ஆட்களிடம் பேச வேண்டும். திரை முழுக்க எழுத்துதான். ஒரு பட்டனை அமுக்கினால் அடுத்த எழுத்து வரும். எங்களில் அதைப் படிக்கத் தெரிந்தது டெரன்சுக்கு மட்டும். மாமா கப்பலில் ஜப்பான்காரர்களோடு வேலை பார்த்தவர், அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். எங்கள் முன்னால் இச்சி, நி, சான் என்று பத்து வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லிக் காட்டினான். பதினைந்து வயசுப் பையன். பத்து வரை எண்ணத் தெரிந்தவனுக்கு மற்றதும் தெரியும்தானே? நமக்கு இங்கிலீஷ் அப்படித்தானே வந்தது?

ஒரு வழக்கம் வைத்திருந்தோம். திரையில் எழுத்து வந்ததும் டெரன்ஸ் கையைத் தூக்குவான். எல்லாரும் பேச்சை நிறுத்த வேண்டும். அவன் மனசுக்குள் படித்துவிட்டு, பிறகு உரக்கத் தமிழில் சொல்வான். சொல்லி முடிக்கிறவரை யாரும் பட்டனைத் தொடக்கூடாது. பாஸ்கோ ஒருமுறை அவசரப்பட்டு அமுக்கிவிட்டான். அன்றிலிருந்து கண்ட்ரோலை அவன் கையில் கொடுப்பதில்லை. அவனுக்கு அந்தக் கோபம் இன்றைக்கும் இருக்கிறது, நீங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கதாநாயகன் பெயர் சூசை. ஜப்பான் பெயர் வேறு, ஆனால் சூசை என்று சொல்லலாம் என்று டெரன்ஸ் சொன்னான், அர்த்தம் ஏறக்குறைய அதுதானாம். கூட வரும் பெண் புஷ்பம். வில்லன் ஒரு கஸ்டம்ஸ் சூப்பிரண்டு. உயிர் குறைந்தால் குடிக்கிற மருந்துக்குப் பெயர் கோலி சோடா. டெரன்ஸ் சொல்லும்போது குரலை மாற்றி மாற்றிச் சொல்வான். புஷ்பத்துக்கு ஒரு குரல், சூப்பிரண்டுக்கு ஒரு குரல். வெளியே கிரிக்கெட் ஆடக் கூப்பிட வருகிற பையன்கள் வாசலில் நின்று கேட்டுவிட்டு மட்டையைக் கீழே வைத்துவிடுவார்கள். மாதா கோயிலில் பூசையில் வாசகம் படிக்கக்கூட அவனைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட குரல்.

முதலில் சூசை ஒரு புதையலைத் தேடிப் போகிறான் என்றுதான் டெரன்ஸ் சொன்னான். பாதிக் கதை வரைக்கும் புதையல்தான். பிறகு அதைத் திருத்தினான். "ஏல, நான் தப்பா படிச்சிட்டேன். புதையல் இல்ல. சூசை அவன் அப்பாவைத்தான் தேடிப் போறான். அப்பா போன கப்பல் திரும்பி வரல" என்றான். பாருங்கள், இதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். பொய் சொல்கிறவன் தன் தப்பைத் தானே திருத்துவானா? பாஷை கூடக் கூட அவனுக்குச் சரியாகப் புரிந்துகொண்டே வந்திருக்கிறது.

அது எப்போது என்று கேட்கிறீர்கள். தொண்ணூற்றாறு நவம்பர் கடைசி. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்த மாதம்தான் எங்கள் அப்பா வேலை பார்த்த தோணி வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அது வேறு விஷயம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காலத்தைக் குறிக்கச் சொன்னேன். வீட்டில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டு இருந்தார்கள், அம்மா யாரோடும் பேசவில்லை, நான் டெரன்ஸ் வீட்டில்தான் கிடந்தேன். அவன் அம்மா சாப்பாடு போடுவார்கள், எனக்கு இறங்காது. கேம் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

கிறிஸ்துமசுக்கு முன்னால் கதை முடிந்தது. சூசை எல்லாத் துறைமுகமும் சுற்றிவிட்டு, கடைசியில் அந்தக் கலங்கரை விளக்கத்தில் ஏறுகிறான். மேலே வெள்ளைத்தாடிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எழுத்து வந்தது. டெரன்ஸ் கையைத் தூக்கினான். ரொம்ப நேரம் படித்தான். பிறகு வேறு ஒரு குரலில், அதுவரை அவன் பேசாத ஒரு குரலில் சொன்னான்: "நீ வருவேன்னு எனக்குத் தெரியும் மக்கா. வழி தெரியாம போயிரக்கூடாதுன்னுதான் விளக்க அணைக்காம வச்சிருந்தேன்."

அந்த இரண்டு வரிதான் மேடம் உங்கள் கையில் இருக்கிற போட்டோவில் இருக்கிற இரண்டு வரி.

அன்றைக்கு நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். மீன் குழம்பு. அதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

பிறகு செட் ரிப்பேர் ஆனது, மாமா இறந்துபோனார், பையன்கள் துபாய்க்கும் தோஹாவுக்கும் போனார்கள். ஆனால் அந்தக் கேமை நாங்கள் விடவில்லை. விடவில்லை என்றால் நான் விடவில்லை. கம்ப்யூட்டர் வந்தபோது அதை இன்டர்நெட்டில் தேடினேன். பெயர் தெரியாமல் எப்படித் தேடுவது? கலங்கரை விளக்கம், பையன், ஜப்பான் என்று போட்டுப் போட்டுத் தேடி ஒரு வருஷம் கழித்துக் கண்டுபிடித்தேன். ஜப்பானிலேயே அது விற்கவில்லையாம். அதே மாதம் வேறொரு பெரிய கேம் வந்து இதை முழுங்கிவிட்டதாம். வேறு நாட்டில் வெளியிடவே இல்லை. ஆனாலும் அதற்கென்று ஒரு சின்னக் குழு இருக்கிறது. பிரேசில்காரன் ஒருவன், போலந்துக்காரி ஒருத்தி, ஜப்பானில் இரண்டு மூன்று பேர். எல்லாரும் எங்கள் வயசுதான். அந்தக் கேமின் பாட்டை வயலினில் வாசித்துப் போடுவார்கள். இவ்வளவு நல்ல கேமை உலகம் கண்டுகொள்ளவில்லையே என்று ஒருவருக்கொருவர் வருத்தப்பட்டுக்கொள்வார்கள். நானும் வருத்தப்பட்டு எழுதினேன். சூசை அப்பாவைக் கண்டுபிடிக்கிற அந்தக் கடைசிக் காட்சி மாதிரி ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்று எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. போலந்துக்காரி மட்டும், எந்தப் பதிப்பு என்று கேட்டாள். ஒரே பதிப்புதான் என்றேன். ஒரு பூப்படம் போட்டாள்.

அந்தக் குழுவில் நார்வேக்காரன் ஒருவன் ஒன்பது வருஷமாக உட்கார்ந்து முழுக் கேமையும் இங்கிலீஷில் மாற்றிக்கொண்டிருந்தான். பணம் வாங்காமல், ஆபீஸ் முடிந்து வந்து செய்கிற வேலை. போன டிசம்பரில் முடித்து வெளியிட்டான். எல்லாரும் கொண்டாடினார்கள். நானும் நன்றி சொன்னேன். சொன்னேன்தான். அதை இப்போது திரும்ப வாங்க முடியாது.

அதே டிசம்பரில்தான் டெரன்சுக்குத் தெரிந்தது. ஆகஸ்டில் பனிமயமாதா திருவிழாவிலிருந்தே அவன் குரல் கம்மிக் கிடந்தது. மைக்கில் கத்தினது என்று நினைத்தோம். மதுரையில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும் என்றார்கள். பிப்ரவரி ஆறாம் தேதி குறித்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, பேச்சு மட்டும் இருக்காது. பேச்சு மட்டும். ஜெனிட்டா இதை என்னிடம் போனில் சொல்லும்போது பின்னால் டெரன்ஸ் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. அவன் குரல் இருக்கும்போதே அந்தக் கதையை முழுக்க அவன் வாயால் சொல்லவைத்துப் பதிவு செய்துவிட வேண்டும். குழுவில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்பலாம். அவன் பிள்ளைகளும் கேட்கும். டெரன்ஸ் முதலில் வேண்டாம் என்றான். "வேற ஏதாவது பேசுவோமே ரெமி" என்றான். நான் விடவில்லை. சரி என்றான். என்னிடம் அவன் எதற்கும் இல்லை என்று சொன்னது கிடையாது.

நான் எல்லா ஏற்பாடும் செய்தேன். முழுக் கேம் ஆட ஒரு வாரம் ஆகும் என்பதால், முக்கியமான இடங்கள் வரை ஜப்பான் பதிப்பில் ஆடி ஆடிச் சேமித்து வைத்தேன். அன்றைக்குக் காலை அதையெல்லாம் இங்கிலீஷ் பதிப்பில் ஏற்றினேன். ஏன் இங்கிலீஷ் என்று பாஸ்கோ கேட்டான். படியேறி வரும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏல, அந்த வெள்ளைக்காரன் எழுதினத எதுக்குல போடுத? ஜப்பான்லயே போடு. சொன்னாக் கேளு" என்றான். இவனுக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். டெரன்ஸ் சொல்லச் சொல்ல, திரையில் அதே வரி இங்கிலீஷில் வந்தால் எப்படி இருக்கும்? பதினைந்து வயசுப் பையன் எவ்வளவு சரியாகப் படித்திருக்கிறான் என்று உலகத்துக்குத் தெரிய வேண்டாமா? நான் அவனுக்கு மரியாதை செய்யத்தான் நினைத்தேன். இங்கிலீஷ் பதிப்பில் நானும் அதுவரை ஒரு வரி படித்திருக்கவில்லை. அவனோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

பெரிய டிவி. எல்லாரும் சேர்ந்து முதல்முறையாகக் கலரில். போனைப் பதிவில் போட்டு டெரன்ஸ் பக்கத்தில் வைத்தேன்.

முதல் காட்சி, துறைமுகம். ஒரு கிழவி. டெரன்ஸ் கையைத் தூக்கினான், பழக்கம். கரகரப்பாகத்தான், ஆனால் அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னான்: "சூசை, உங்கப்பா கப்பல மாலத்தீவு பக்கம் பாத்ததா ஒருத்தன் சொன்னாம்ப்பா." திரையில் இங்கிலீஷ் வந்தது. சத்திரம் இன்று திறக்காது, ரொட்டிக் கடையில் கேட்டுப் பார். அவ்வளவுதான். ஜெனிட்டா சிரித்துவிட்டாள். "என்ன, கிழவி ரொட்டி விக்கா?" என்றாள். டெரன்சும் சிரித்தான். நானும் சிரித்தேன். நார்வேக்காரன் இடம் மாறி எழுதிவிட்டான் என்று சொன்னேன்.

அடுத்த இடத்திலும் அப்படித்தான். கஸ்டம்ஸ் சூப்பிரண்டு இங்கிலீஷில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். சூசையைத் துரத்தவில்லை, குடை மறந்துவிட்டாயே என்று பின்னால் ஓடிவருகிறார். புஷ்பம் பெண்ணே இல்லையாம். டெரன்ஸ் ஒவ்வொன்றுக்கும் தன் கதையைச் சொன்னான். திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னான். நடுவில் தொண்டை அடைத்துத் தண்ணீர் குடித்தான். ஜெனிட்டா, போதும் என்றாள். பாஸ்கோ, போதும்ல என்றான். இன்னும் ஒரே ஒரு இடம்தான், கடைசி இடம், அதுதானே முக்கியம் என்றேன்.

வெள்ளைத்தாடிக்காரர் வந்தார். நீங்கள் சொன்ன அதே வரிதான் இங்கிலீஷில் வந்தது. அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை.

டெரன்ஸ் கையைத் தூக்கவில்லை.

நான் காத்திருந்தேன். சொல்லு டெரன்ஸ், அந்த ஆள் தப்பா எழுதியிருக்கான், நீ சரியானத சொல்லு, பதிவாகுது என்றேன். அவன் ஜெனிட்டாவைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"ரெமி, எனக்கு ஜப்பான் பாஷை தெரியாதுல."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"மாமாவுக்கும் பத்து வரைக்கும்தான் தெரியும். அன்னைக்கு நீ சோறு திங்காம உக்காந்திருந்த. உங்கப்பா வரலன்னு எல்லாரும் பேசிட்டிருந்தாவ. நான் வேற என்னத்தச் சொல்ல?"

பாஸ்கோ எழுந்து மாடிக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போய்விட்டான். ஜெனிட்டா டம்ளர்களை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். டெரன்ஸ் என் முழங்கால் மேல் கையை வைத்தான். கை சுட்டது.

கவனியுங்கள் மேடம், கை சுட்டது. காய்ச்சல். அதோடு அவனுக்கு அந்த வாரம் வலிக்குக் கடுமையான மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஜெனிட்டாவிடம் பிறகு கேட்டேன், என்ன மாத்திரை, தூக்கம் வருமா, உளறல் வருமா என்று. தூக்கம் வரும் என்றாள். பாருங்கள். அப்புறம் சோறு என்கிறான், அப்பா என்கிறான். கேமுக்கும் சோறுக்கும் என்ன சம்பந்தம்? தெளிவாக இருக்கிறவன் அப்படிச் சம்பந்தமில்லாமல் பேசுவானா? அத்தனை நாள் அத்தனை பேர் கேட்ட கதையை ஒருவன் நின்ற நிலையில் கட்டமுடியுமா? ஒரு நாளா, இரண்டு நாளா? பள்ளிக்கூடத்தில் தமிழ்க் கட்டுரைக்கு அவன் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன்.

அந்தப் பகுதியைப் பதிவிலிருந்து வெட்டிவிட்டேன். நோயின் பேச்சு அது, அதைப் பிள்ளைகள் கேட்க வேண்டாம். மிச்சத்தைக் குழுவுக்கும் பாஸ்கோவுக்கும் அனுப்பினேன். அனுப்பிய அன்றைக்கே பாஸ்கோ போன் செய்து கண்டபடி பேசினான். அவன் கடைசியாகப் பேசினதை வெட்டுவதற்கு நீ யாருல என்று கேட்டான். பிறகு இன்னொன்றும் சொன்னான். "எங்க எல்லாத்துக்கும் அப்பவே தெரியும்ல. ஒனக்குத்தான் தெரியாது. ஒனக்குத் தெரியாம பாத்துக்கிடணும்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினான் அவன்." கண்ட்ரோல் கிடைக்காத கோபம் ஒரு மனுஷனை இத்தனை வயசிலும் எப்படிப் பேசவைக்கிறது பாருங்கள். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

நார்வேக்காரனுக்கு எழுதினேன். கடைசிக் காட்சியைத் திருத்தச் சொன்னேன். மரியாதையான ஆள், ஒவ்வொரு முறையும் பதில் போட்டான். ஜப்பான் வரியையும் அதற்கு நேரே தன் வரியையும் போட்டு அனுப்பினான். உங்கள் நண்பரின் முடிவு என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, ஆனால் நான் இதை மாற்ற முடியாது, வருந்துகிறேன் என்று எழுதியிருந்தான். வருந்தி என்ன பிரயோஜனம்? அதனால்தான் உங்களிடம் வந்தேன். நீங்கள் ஒரு தாளில், இந்த வரியை இன்னொரு விதமாகவும் வாசிக்க இடமிருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதிக்கொடுத்தால் போதும். சரி என்று எழுத வேண்டாம். இடமிருக்கிறது. பழைய ஜப்பான் பாஷையில், அல்லது கடலோரத்துப் பேச்சில், 'யாரும் இல்லை' என்பதை 'உனக்காகக் காத்திருந்தேன்' என்று சொல்கிற வழக்கம் எங்காவது இருக்காதா? நம் ஊரில் போகிறேன் என்பதற்கு வருகிறேன் என்று சொல்கிறோமே?

இல்லை என்கிறீர்கள். இன்னொரு முறை பாருங்கள். அவசரமில்லை.

இது எனக்காக இல்லை மேடம். எனக்கு என்ன இருக்கிறது இதில்? டெரன்ஸ் தன் மேலேயே நம்பிக்கை இழந்துவிட்டான், அதுதான். அவன் சொன்னது சரி என்று படித்தவர் ஒருவர் எழுதிக்கொடுத்தால் அவனுக்கு ஒரு பலம் வரும்.

அவனிடமே கேட்கலாமே என்கிறீர்கள். கேட்காமல் இருப்பேனா? பிப்ரவரி ஆறாம் தேதி ஆபரேஷன் நடந்தது. நன்றாகத்தான் நடந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. ஒரு சின்ன வெள்ளைப் பலகை கொடுத்திருந்தார்கள் எழுதிக்காட்ட. வார்டில் விட்டதும் போனேன். அன்றைக்கு மயக்கத்தில் சொன்னதுதானே, உண்மை இல்லையே என்று கேட்டேன். பலகையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். எழுதவில்லை. ஜெனிட்டா என்னை வெளியே அழைத்துவந்து, இனிமேல் அவரிடம் இதைக் கேட்காதீங்க அண்ணே என்றாள். வீட்டுக்கு வந்த பிறகு போய்க் கேட்டேன். அதற்கடுத்த வாரமும் கேட்டேன். அப்போதும் எழுதவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் ஒருமுறை எழுதிக்காட்டினான். இல்லை என்றேன். நான் ஜனவரியிலிருந்தே சரியாகச் சாப்பிடுவதில்லை, என் வீட்டுக்காரி அவனிடம் சொல்லியிருப்பாள்.

மார்ச் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்த நேரம், டெரன்ஸ் என் போனுக்கு ஒரு செய்தி அனுப்பினான். எனக்கு ஜப்பான் பாஷை தெரியும், அன்றைக்கு மாத்திரை மயக்கத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகுதான் உங்களிடம் வர லீவு போட்டேன்.